ஏழு நாள் முகாமுக்கு மூன்றரை ஸ்டார்

கடைக்கு வருகிறவர்கள் போனில் எங்கள் கடையைத் தேடிப் பிடித்து ஸ்டார் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உளுந்தில் கல் இருந்தது என்று ஒருவர் இரண்டு ஸ்டார் போட்டிருக்கிறார். சரி, நானும் ஒன்றுக்குப் போடுகிறேன். காலாண்டு விடுமுறையில் எங்கள் ஊரில் ஏழு நாள் தங்கியிருந்த பள்ளிக்கூட என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமுக்கு, ஐந்துக்கு மூன்றரை.

ஊர் மணப்பாறைப் பக்கம். வந்தது டவுன் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன் பிள்ளைகள் 25 பேர், கூட இரண்டு ஆசிரியர்கள், ஒரு சமையல்காரர். தங்க இடம் கொடுத்தது எங்கள் நடுநிலைப் பள்ளி. அது என் மளிகைக் கடைக்கு நேர் எதிரே இருப்பதால், காலை ஐந்தரை விசிலிலிருந்து ராத்திரி கலை நிகழ்ச்சி வரை கல்லாவில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்தது.

தொடக்க விழாவில் திட்டத்தின் வரலாறு சொன்னார்கள். காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்ததாம். பள்ளிக்கூடங்களுக்கு வந்தது அதற்கப்புறம். பிள்ளைகள் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜில் கொனாரக் கோவில் தேர்ச்சக்கரம். அதில் எட்டு ஆரம், நாளைக்கு எட்டு சாமம், 24 மணி நேரமும் சேவைக்குத் தயார் என்று அர்த்தம். மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தால் மொத்தச் சக்கரமும் வேப்பமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். குறையாகச் சொல்லவில்லை. காலையில் பார்த்த வேலைக்கு அந்தத் தூக்கம் நியாயம்தான்.

அந்த வேலை குளத்து வரத்து வாய்க்காலில். சீமைக் கருவேலம் மண்டி, வாய்க்கால் எங்கே இருக்கிறது என்றே மறந்துபோயிருந்தோம். முதல் நாள் பிள்ளைகள் மேலாக வெட்டிக் குவித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். "தம்பி, தூரை விட்டுட்டு வெட்டுனா அடுத்த மழைக்கு ஒண்ணு பத்தா வரும்." மறுநாள் அவர்களே கடப்பாரை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டையைச் சுற்றி மண்ணைப் பறித்து, வேரை வெட்டி, நெம்பி எடுக்க ஒரு மரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இந்த வேகத்தில் ஏழு நாளில் மொத்தம் ஏறக்குறைய அறுபது அடிதான் சுத்தமானது. ஐப்பசி மழையில் அந்த அறுபது அடியில் தண்ணீர் தடங்கலில்லாமல் ஓடியது. அதற்கு மேலே பழைய கதைதான். ஆனாலும் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுச் செய்தார்கள்.

மரக்கன்றுக்குத்தான் ஒரு ஸ்டார் குறைத்தேன். வேம்பும் புங்கனுமாக 50 கன்று நட்டார்கள். குழி முழங்கை ஆழம்கூட இல்லை. தண்ணீர் யார் ஊற்றுவது என்று ஒருவரும் பேசவில்லை, வேலியும் இல்லை. மூன்றாம் நாளே ஆடு வந்து பாதி வேலையை முடித்துவிட்டது. இப்போது 9 நிற்கிறது. அதுவும் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அக்கா பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாய்கிற பக்கம் மட்டும்.

டெங்கு ஊர்வலம் ஒன்று நடந்தது. பதாகை, கோஷம், கடைசியில் ஆளுக்கொரு ரஸ்னா. ஊர்வலம் முடிந்த பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. நான்கு பிள்ளைகள் என் வீட்டுக் கொல்லைக்கு வந்து டிரம்மை எட்டிப் பார்த்தார்கள். "வாரா வாரம் தண்ணியக் கொட்டிடறேன் பாப்பா" என்றேன். ஒரு பெண் உள்பக்கம் விரலால் தடவி, "கொட்டினா மட்டும் போதாதுக்கா. அந்தக் கொசு தண்ணி மட்டத்துக்கு மேலே சுவத்துல ஒட்டினாப்ல முட்டை போடும். காஞ்சாலும் சாகாது, மறுபடி தண்ணி ஏறினா பொரிஞ்சிடும்" என்றாள். சொல்லிவிட்டுப் போகவில்லை. தேங்காய் நார் கேட்டு வாங்கி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிரம்மைப் படுக்கவைத்து உள்ளே தலையை விட்டுத் தேய்த்தாள். பத்தொன்பது வருடமாகக் கொசுவத்தி விற்கிறேன், எனக்கு இது தெரியாது. தெருவில் 31 வீட்டு டிரம்மையும் அந்த நாலு பேரும் தேய்த்தார்கள். அதற்குப் பதாகை கிடையாது, போட்டோவும் கிடையாது.

அப்புறம் கணக்குப்பிள்ளை. பெயர் வேண்டாம், நான் வைத்த பெயரே இருக்கட்டும். சமையல் பொருள் வாங்க தினம் ஒரு பிள்ளை வர வேண்டும் என்று முறை போட்டிருந்தார்கள். முதல் நாள் வந்த பையன் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆறு கிலோ பொன்னி வாங்கிப் போனான்; பாதிச் சோறு மிஞ்சி ஊர் நாய்களுக்குப் பொங்கல். மறுநாள் இந்தப் பெண் வந்தாள், ரெட்டைச் சடை, கையில் நாற்பது பக்க நோட்டு. "அக்கா, எங்க வயசுப் பிள்ளைக ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி சாப்பிடுவாங்க?" ஆளுக்கு நூற்றிருபது கிராம் வை என்றேன். அங்கேயே நின்று பெருக்கி, "மூணரை கிலோ போதும்" என்றாள். அன்றிலிருந்து முறையெல்லாம் போய்விட்டது, அவளே வந்தாள். நான்காம் நாள் என் பில்லில் கடலை எண்ணெயை இரண்டு தடவை போட்டிருந்ததைக் கண்டுபிடித்து, கோபமில்லாமல் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மிச்சப்பட்ட பணத்தில் கடைசி நாள் பாயசம் போட்டார்கள்.

அதே நான்காம் நாள் சாயங்காலம் வெளியிலிருந்து ஒருவர் வந்து தலைமைப் பண்பு பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். கணக்குப்பிள்ளைக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை, சமையல்காரரோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறைவு விழாவில் சிறந்த தொண்டர் பரிசு விசில் ஊதிய பையனுக்கு. நல்ல பையன்தான், குரல் கணீரென்று இருக்கும். ஏழு நாளும் மைக் அவன் கையிலேயே இருந்தது. தினம் ஒரு தலைவர் என்று கரும்பலகையில் எழுதியிருந்தார்கள், ஆனால் பலகையில் பெயர் மாறியதே தவிர மைக் கை மாறவில்லை. பரிசு அறிவித்தபோது கணக்குப்பிள்ளைதான் முதலில் கை தட்டினாள். எனக்குத்தான் ஆறவில்லை. இதற்கு அரை ஸ்டார் போச்சு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் 12 பேர் இருந்தார்கள், பள்ளிக் கழிவறையில் குழாய் வரவில்லை. முகாமுக்கு முன்னால் யாரும் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிக் கடைக்கு வந்து நாப்கின் கேட்டுவிட்டு, குளிக்க இடம் கிடைக்குமா என்றாள். அப்புறம் என் வீட்டிலும் பக்கத்து வீட்டிலுமாகப் பிரித்துக்கொண்டோம். காலை ஐந்தரைக்கு விசில் என்றால் இவர்கள் நான்கரைக்கே வரிசையில் நிற்பார்கள்.

அடுத்த வருடமும் எங்கள் ஊருக்கே வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். வாருங்கள். கடப்பாரை நீங்களே கொண்டுவாருங்கள், போன தடவை ஊரில் இரவல் வாங்கியதில் இரண்டு இன்னும் திரும்பவில்லை. கன்று நடுவதானால் கூண்டோடு பத்து போதும். கழிவறைக் குழாயை ஒரு வாரம் முன்னால் வந்து பாருங்கள். எத்தனை பேர் என்று நோட்டு வைத்திருக்கிற பிள்ளையை விட்டு எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், துவரம் பருப்பு எடுத்து வைக்க வேண்டும்.