கிட் வாங்கலாமா, முகாமுக்கு அனுப்பலாமா?

போன கோடை விடுமுறையில் மகளுக்கு இயற்பியல் கிட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். இந்த மே மாதம், ஒன்பதாம் வகுப்புக்குப் போகுமுன், ஆறு நாள் இயற்பியல் முகாமுக்கு அனுப்பினோம். மறுபடி காசு போடுவதென்றால் முகாமுக்குத்தான் போடுவேன்.

கிட்டின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: ஒரு தடவை செலவு, வெயிலில் அலைய வேண்டாம், தம்பிக்கும் ஆகும். மின்சுற்றுக்கு அதுவே மேல் என்றுகூடச் சொல்வேன். தொடர் இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதும் அணைவதை, பக்க இணைப்பில் அணையாததை அவள் பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பாள். முகாமில் ஒரு பிள்ளைக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது.

ஆனால் கிட்டோடு வந்த கையேட்டில் விடையும் இருந்தது. தான் அளந்தது அதோடு ஒத்துப்போகும்வரை திரும்பச் செய்வாள். ஒத்துப்போனதும் மூடி வைத்துவிடுவாள். முதலில் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. நானும் கேட்கவில்லை.

முகாமில் நான்கு பேர் சேர்ந்து தனி ஊசல் செய்தார்கள். ஒரு மீட்டர் நூல், நுனியில் ஒரு பூட்டு. ஒருவர் விட, ஒருவர் எண்ண, ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்க, என் மகள் நோட்டில் எழுதினாள். 20 அலைவுக்கான (ஒரு தடவை போய்த் திரும்புவது ஓர் அலைவு) நேரத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது கீழே விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி எவ்வளவு கூடுகிறது என்பதை, கணக்கிட்டால் 10.5 வந்தது. வர வேண்டியது 9.8. ஸ்டாப்வாட்ச் பிடித்த பையன்மேல்தான் முதலில் பழி விழுந்தது. அவன் விடாமல், எண்ணிய பிள்ளையிடம், "நீ விடும்போதே ஒண்ணுன்னு எண்ணிட்டே" என்றானாம். உண்மைதான்; விடும்போது பூஜ்ஜியம் என்று தொடங்க வேண்டும். அவர்கள் 20 என்று நினைத்தது 19 அலைவுதான். திருத்திச் செய்தால் 9.5. மறுபடி சண்டை. கடைசியில் என் மகள்தான் பூட்டைக் கையில் எடுத்து, "முடிச்சு வரைக்கும்தானே அளந்தோம், பூட்டோட நடு வரைக்கும் அளக்க வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மூன்று சென்டிமீட்டரைச் சேர்த்ததும் 9.8 வந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது இதை மூன்று தடவை சொன்னாள். தனியாகச் செய்திருந்தால், தான் எண்ணியது தப்பு என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கு இந்த ஒன்றுதான் முடிவைத் தீர்மானித்தது. எதிர்த்துப் பேச ஒரு தோழனைக் கிட்டில் போட்டுத் தர முடியாது.

குறையும் உண்டு. குழுவில் கை வேகமான பிள்ளை எல்லாவற்றையும் தானே செய்துவிடும். அவளும் முதல் இரண்டு நாள் நோட்டு எழுதும் வேலையிலேயே இருந்தாள். மூன்றாம் நாள்தான் வேலைகளை முறை மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம், நான் பார்த்தது ஒரே முகாம், ஒரே பிள்ளை. மதிப்பெண் கூடுமா என்று இப்போதே என்னால் சொல்ல முடியாது.

சேர்க்குமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஒரு செட் உபகரணம் எத்தனை பேருக்கு? தப்பான விடை வந்தால் ஆசிரியர் உடனே திருத்துவாரா, பிள்ளைகளையே தேட விடுவாரா? நான்கு பேருக்கு மேல் ஒரு செட் என்றால், அந்தக் காசுக்குக் கிட்டே வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம்.