கம்பம்–குமுளி மலைச்சாலையில் ஒரு பிளக்-இன் ஹைபிரிட்

மைத்துனர் பழைய வண்டியாக வாங்கிய வோல்வோ எக்ஸ்சி90 டி8 என்ற பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவியை (பெட்ரோல் எஞ்சினோடு, பிளக்கில் சார்ஜ் போடும் பேட்டரியும் மின்மோட்டாரும் கொண்டது) கம்பத்திலிருந்து குமுளி வழியாகக் கோட்டயம் வரை ஓட்டிப் பார்த்தேன். இதன் 9.2 கிலோவாட்-மணி பேட்டரி, வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் நிறைந்துவிடுவதால், உத்தமபாளையம் போய்வரப் பெட்ரோலே தேவைப்படுவதில்லை.

லோயர் கேம்ப் தாண்டி, மின்நிலையக் குழாய்கள் தென்படும் வளைவுகளில் ஏறும்போது பேட்டரி வேகமாகக் கரைந்து, அதுவரை ஓசையின்றி இருந்த எஞ்சின் விழித்துக்கொண்டது. திரும்பி இறங்குகையில், மின்மோட்டாரே ஜெனரேட்டராகிப் பேட்டரியை நிரப்ப, பிரேக்கை மிதிக்காமலே வேகம் தணிந்தது; திரையில் மின்சாரத்தில் ஓடக்கூடிய தூரம் ஐந்து கிலோமீட்டர் கூடியிருந்தது.

என்னுடைய முழு மின்கார் இதே ஏற்றத்தை இதைவிட இதமாக ஏறும். ஆயினும் சென்ற ஓணத்தின்போது, மலைக்கு அப்பால் ஒரு சார்ஜிங் நிலையத்தில் குழந்தைகளுடன் இரண்டு மணி நேரம் காத்திருந்ததை நினைத்தால், பெட்ரோல் டேங்க் தரும் நிம்மதியின் அருமை புரிகிறது. ஆனால் விலைதான் இடிக்கிறது: புதிய மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், இத்தகைய பெரிய ஹைபிரிடுக்கோ 40. மேலும், சார்ஜ் போட மறப்பவருக்கு (மைத்துனர் மன்னிக்க) இது வீண் பாரம் சுமக்கும் பெட்ரோல் வண்டியே.