ஹேடன் ஹாலா, சாட்ஸ்வொர்த்தா?

இங்கிலாந்துல டெர்பிஷர் போறீங்க, பழைய பிரபு மாளிகைகள்ல ஒரு வீடு பாக்கத்தான் டைம் இருக்குன்னா நான் ஹேடன் ஹால்னுதான் சொல்வேன். ஹேடன், சாட்ஸ்வொர்த் ரெண்டுமே பேக்வெல்ங்கற ஊர் பக்கத்துலதான்.

சாட்ஸ்வொர்த் பிரமாண்டம், மறுக்கல. கேவண்டிஷ் குடும்பம் 1549ல வாங்கின எஸ்டேட், ஸ்காட்லாந்து ராணி மேரியைக் கூட அங்க காவல்ல வச்சிருந்தாங்க, ஆனா 1687ல ஆரம்பிச்சு பழைய வீட்டை இடிச்சு இடிச்சு மாத்திட்டதால அந்தக் காலத்து வீடு இப்போ இல்ல. 1830கள்ல அந்தக் குடும்பத்து ஆறாவது டியூக் (டெவன்ஷர் பிரபு) பக்கத்துல இருந்த ஈடன்சர் கிராமத்துல பெரும்பகுதியவே இடிச்சு வேற இடத்துல கட்டிட்டாரு, அங்க குடியிருந்தவங்கள நெனச்சா எனக்கு மனசு கேக்கல.

ஹேடன் கதையே வேற. அதோட உரிமையாளர்களான ரட்லண்ட் டியூக் குடும்பம் 1700 வாக்குல அவங்களோட பெல்வோர் கோட்டைக்குப் போயிட்டாங்க, கிட்டத்தட்ட 200 வருஷம் யாரும் குடியிருக்கல, அதனாலேயே மாடர்ன் பண்றேன்னு யாரும் கை வைக்கல, 1920கள்ல அந்தக் குடும்பத்து ஒன்பதாவது டியூக் வந்து பொறுமையா ரிப்பேர் பண்ணாரு. வீட்டுக்குள்ள இருக்கற சின்ன சர்ச்ல சுண்ணாம்பு பூசி மறைச்சிருந்த பழைய சுவர் ஓவியங்களும் வெளிய வந்துச்சு, அதுக்காகவே போலாம்.

ஆனா ஒண்ணு, இந்தப் பகுதிக்கு நூற்றாண்டுக் கணக்கா சோறு போட்ட ஈயச் சுரங்கத்தப் பத்தி தெரிஞ்சுக்கணும்னா ரெண்டு வீடும் பத்தாது, மேட்லாக் பாத்ங்கற ஊர்ல இருக்கற சுரங்க மியூசியத்துக்குப் போங்க.