சிப்பாய்களின் காது மாத்திரை: மூன்று அட்டை முடித்தவன் எழுதுவது

மாத்திரையைத் தண்ணீரில் போட்டதும் புஸ்ஸென்று பொங்கும். முதல் நாள் அந்த டம்ளரை வலது காதருகே பிடித்துப் பார்த்தேன். ஓட்டு வீட்டில் தூறல் விழுகிற மாதிரி சத்தம். இடது காதுக்கு மாற்றினேன், ஒன்றுமே இல்லை. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, மூக்கில் தெறிக்கிறது, காதுக்கு மட்டும் எட்டவில்லை. முப்பதாவது நாளும் அதே டம்ளரில் அதே சோதனை செய்தேன். இடது காது அன்றைக்கும் அப்படியேதான் இருந்தது.

விமர்சனம் அவ்வளவுதான் என்று நிறுத்திவிடலாம். ஆனால் எங்கள் எக்ஸ்-சர்வீஸ்மென் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்குக் கொடுத்த காது மாத்திரை, நம்ம ஊர் மெடிக்கல்லயே கிடைக்குது, பகிரவும்.' அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

மதராஸ் ரெஜிமெண்டில் 22 வருஷம், ஹவில்தாராக வெளியே வந்தவன். வெலிங்டன் ரேஞ்சில் முதன்முதலாகச் சுட்ட நாளில் உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) ஆளுக்கொரு துண்டு பஞ்சு கொடுத்தார். பஞ்சு என்றால் காயத்துக்கு வைக்கிற சாதாரணப் பஞ்சு. ரைஃபிள் சத்தம் சுடுபவன் காதருகே 150 டெசிபலைத் தாண்டும், 140 தான் காதுக்கு எல்லைக்கோடு என்பதெல்லாம் இந்த மாத்திரை விவகாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். பஞ்சு அதற்குக் கொசுவலையால் மழையைத் தடுக்கிற கதை. வலது தோளில் துப்பாக்கியை வைப்பவனுக்கு இடது காதுதான் குழல் வாய்ப் பக்கம் திரும்பியிருக்கும். வலது காதைத் தலையே கொஞ்சம் மறைத்துக்கொள்ளும். காது எவ்வளவு கேட்கிறது என்று வரைந்து காட்டுகிற என் ஆடியோகிராமும் அதையே காட்டுகிறது. இடது காதின் கோடு நேராகப் போய் 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சு ஒலிப் பக்கம் பதுங்குகுழி மாதிரி இறங்குகிறது. பேச்சு கேட்கும், ஆனால் சகர ஒலி உதிர்ந்துவிடும். வீட்டுக்காரி "சோப்பு வாங்கிட்டு வாங்க" என்றால் எனக்குத் 'தோப்பு' என்று விழும். ராத்திரியில் ஒரு 'ஙொய்' வேறு. மின்விசிறியை நிறுத்தினால்கூட அது நிற்காது.

சரி, மாத்திரைக்கு வருவோம். மருந்தின் பெயர் அசிட்டைல் சிஸ்டீன், 600 மில்லிகிராம், கரைத்துக் குடிக்கிற வகை. மெடிக்கலில் கேட்டபோது "சளிக்கா அண்ணே?" என்றார் கடைக்காரர். "காதுக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூன்று அட்டை எடுத்து வைத்தார். மேலுக்கு ஆரஞ்சு வாசனை, கீழே அழுகின முட்டை வாடை. மருந்திலேயே கந்தகம் இருப்பதால் எந்தக் கம்பெனி மாத்திரை வாங்கினாலும் இந்த வாடை தப்பாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பது நல்லது. இன்னொன்று, பொங்குகிற மாத்திரைகளில் சோடியம், அதாவது உப்பில் இருக்கிற அதே சரக்கு, கணிசமாக இருக்கும். நான் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். ஊறுகாயை நிறுத்திவிட்டு இதைத் தினமும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

இதைக் கண்டுபிடித்துத் திட்டியவள் என் மகள், பி.ஃபார்ம். படித்தவள். "அப்பா, அந்த ஆராய்ச்சியைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். நான் படித்தது ஃபார்வர்டு மட்டும்தான். அவள் உட்கார்ந்து சொன்னதிலிருந்து தெரிந்தது, செய்தி முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்க மரைன் படையில் புதிதாகச் சேர்ந்த ரெக்ரூட்டுகள் 566 பேரை வைத்து உண்மையிலேயே சோதித்திருக்கிறார்கள். 2015இல் முடிவு வெளியானது. துப்பாக்கிப் பயிற்சி நடந்த நாட்களில் பாதிப் பேருக்கு இந்த மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் டம்மி. யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது. அளவு ஒரு நாளைக்கு 2,700 மில்லிகிராம், அதாவது என் கணக்கில் நாலரை மாத்திரை. நான் குடித்தது ஒன்று.

அப்புறம் முடிவு? முதன்மைக் கணக்கில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசமே இல்லை. விசை அழுத்துகிற கைப்பக்கத்துக் காதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களிடம் பாதிப்பு ஓரளவு குறைவாக இருந்திருக்கிறது. அந்த ஒரு வரியைத்தான் ஃபார்வர்டு பிடித்துக்கொண்டது. இதற்கும் முன்னால், 1994இல், இஸ்ரேலில் 300 ரெக்ரூட்டுகளை வைத்து ஒரு சோதனை. இரண்டு மாதப் பயிற்சி முழுக்கத் தினமும் 167 மில்லிகிராம் மக்னீசியம் கொடுத்தார்கள். டம்மி குடித்தவர்களுக்குக் காது பாதிப்பு அதிகம் வந்தது. நம்பிக்கை தருகிற விஷயம்தான். இருந்தும், சத்தத்திலிருந்து காதைக் காக்க என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தருகிற எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மாத்திரை ஒன்றுகூட இல்லை என்கிறாள் மகள்.

இந்தச் சோதனை எல்லாமே காது கெடுவதற்கு முன்னால் கொடுத்துப் பார்த்தவை. எனக்கு உறைத்தது அந்த இடம்தான். பலத்த சத்தம் விழுந்ததும் உள்காதில் சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்புகிற முடிச் செல்கள் தாங்க முடியாத வேலை பார்க்கின்றன. அதில் உண்டாகிற நச்சுக் கழிவு, சத்தம் நின்ற பிறகும் சில நாட்கள் அந்தச் செல்களை அரித்துக்கொண்டே இருக்கும். கழிவை அடக்க உடம்பே குளூட்டாதயோன் என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதைத் தயாரிக்கச் சரக்கு கொடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. செல் உயிரோடு இருந்தால்தானே காப்பாற்ற? செத்த முடிச் செல் மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. என்னுடையவை செத்து இருபது வருஷம் இருக்கும். எரிந்து முடிந்த வீட்டுக்கு ஃபயர் சர்வீஸைக் கூப்பிட்டிருக்கிறேன்.

நட்சத்திரம் கேட்டால், காதுக்கு ஒன்று. அதுவும் ஙொய் சத்தம் அதிகமாகவில்லை என்பதற்காக. சளிக்கு நான்கு கொடுப்பேன், மார்கழியில் நெஞ்சு லேசாக இருந்தது நிஜம். செலவு 1,000 ரூபாயை ஒட்டி. பிரஷர், ஆஸ்துமா இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள். நான் கேட்காமல் தொட்டேன்.

அக்கா மகன் இப்போது அக்னிவீர் பயிற்சியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் பேசுவான். ஃபார்வர்டு அவனுக்கும் போயிருக்கிறது. "மாமா, மாத்திரை வாங்கி அனுப்பறீங்களா?" என்றான். மாத்திரைக்குப் பதிலாக ஒரு டப்பா ஃபோம் இயர்பிளக் அனுப்பி, போனிலேயே பாடம் நடத்தினேன். அந்த மரைன் பையன்கள்கூட மாத்திரையை நம்பிக் காதைத் திறந்துவிடவில்லை, பிளக் மாட்டிக்கொண்டுதான் சுட்டார்கள். "விரலிடுக்கில் உருட்டி ஊசி மாதிரி ஆக்கு மாப்ள. மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே, பின்னால் இழு. உள்ளே விட்டு, ஊதி நிறைகிற வரைக்கும் விரலை எடுக்காதே, முப்பது எண்ணு. பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் கழற்றித் திரும்பப் போடு."

கொஞ்ச நேரம் அவனிடமிருந்து பதிலே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"மாமா, கத்தாதீங்க," என்றான். "இங்க பாரக்கில எல்லாருக்கும் கேக்குது."