இருமுகக் கேமரா: செயலி டாக்சி ஓட்டுநருக்குக் கைகொடுக்குமா?

சாலையையும் காரின் உட்புறத்தையும் ஒரே நேரத்தில் பதியும் இருமுக டேஷ்கேம், தாக்குதலைத் தடுக்கும் கவசம் அல்ல. பயணியின் கண்ணில் பட்டால்தான் அது மிரட்டும். அதனால் கதவுக் கண்ணாடியில் ‘பதிவு நடக்கிறது’ என்ற ஸ்டிக்கர் அவசியம். ஒலியும் பதிவாகிறதென்றால் அதையும் எழுதுங்கள். பல இடங்களில் சட்டமே அப்படிக் கேட்கிறது.

உள்முக லென்ஸுக்கு அகச்சிவப்பு விளக்கு இல்லாத மாடலை வாங்கவே வேண்டாம். இரவில் வெறும் கறுப்புத் திரைதான் மிஞ்சும். 940 நானோமீட்டர் அலைநீள விளக்கு கண்ணுக்குத் தெரியாது. 850 லேசாகச் சிவந்து தெரியும், ஆனால் படம் பெரும்பாலும் தெளிவு. பொருத்தும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்காருபவர் முகத்தை இருக்கையின் தலையணை மறைத்துவிடும், ஆபத்தும் அங்கிருந்துதான் அதிகம். ரியர்வியூ கண்ணாடிக்குக் கீழே, நடுவில் மாட்டி, இரவில் ஒருவரை அங்கே உட்காரவைத்துச் சோதியுங்கள்.

இரு பக்கமும் 1080பி (ஃபுல் எச்டி) என்றால் 128 ஜிபி மெமரி கார்டு சுமார் 10 மணி நேரம் தாங்கும்; பிறகு பழையது அழியும். சம்பவம் நடந்ததும், அந்தப் பதிவு அழியாமல் காக்கும் லாக் பட்டனை அழுத்த வேண்டும். தொடர்பதிவுக்கென்றே வரும் ஹை எண்டியூரன்ஸ் கார்டு போடுங்கள், சாதாரணக் கார்டு சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்கு லித்தியம் பேட்டரி உள்ளதைவிட, அதற்குப் பதில் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) உள்ள மாடலே மேல்.

பெரிய குறை ஒன்று: கேமராவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் ஆதாரமும் போச்சு. சிம் போட்டு, லாக் செய்த வீடியோ துண்டுகளை உடனே கிளவுடுக்கு அனுப்பும் வகை இதைச் சமாளிக்கும். சிக்னல் இல்லாத சாலையில் அதுவும் உதவாது.