ஐசோமரைப் பிடிக்க: காமாவா, பொறியா, வளையமா?

கிளர்ச்சியடைந்த அணுக்கரு பெரும்பாலும் பிகோ விநாடிகளில் (விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில்) காமாக் கதிரை உமிழ்ந்து, மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட அடிநிலைக்கு இறங்கிவிடும். சில நிலைகள் மட்டும் இறங்காமல் அடம்பிடிக்கும். அவைதான் ஐசோமர்கள். டெக்னீசியம்-99எம் 6 மணி நேர அரையாயுள் கொண்டது. டான்டலம்-180எம் சிதைந்ததை இதுவரை யாரும் பார்த்ததே இல்லை. ஆயுள் இவ்வளவு விரிந்து கிடக்கும்போது ஒரே கருவி எல்லாவற்றுக்கும் எப்படிச் சரிப்படும்?

முடிந்தால் முதலில் காமா அளவீடுதான். வேகமான அயனிக் கற்றையை இலக்கில் மோதி உடைத்து, வேண்டிய துண்டுகளைப் பிரித்து ஒரு தகட்டில் நிறுத்திவிட்டு, ஜெர்மேனியம் கண்டுணர்விகள் காத்திருக்கும். ஐசோமர் எந்தப் படிகள் வழியாக இறங்கியது என்பதே தெரிந்துவிடும். கருவின் உள்ளமைப்பை வேறெதுவும் இவ்வளவு சொல்லாது. ஆனால் ஆயுள் 100 நானோ விநாடிக்கும் குறைவென்றால், வரும் வழியிலேயே பெரும்பாலும் சிதைந்துபோகும். மிக நீண்டதென்றால் அடுத்தடுத்த அயனிகள் வந்து குவிந்து, எந்தக் கதிர் எதனுடையது என்பது குழம்பும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஐசோமர் கீழே இறங்காமல் நேரே பீட்டாச் சிதைவுக்குப் போய் வேறொரு தனிமத்தின் கருவாக மாறினால், அதை அடிநிலையோடு இணைக்கும் காமாவே இருக்காது. அப்போது அடிநிலைக்கு மேல் அதன் ஆற்றல் உயரத்தை எப்படி அளப்பது? எடைபோட வேண்டியதுதான். கிளர்ந்த கரு சற்றே கனமானது. மின், காந்தப் புலங்களால் அயனியை அடைத்துவைப்பது பென்னிங் பொறி. காந்தப்புலத்தில் அயனி சுழலும் அதிர்வெண்ணை அதில் அளந்தால் நிறை கிடைக்கும். தாமிரம்-70இன் நிறை, ஆற்றல் அலகில் சொன்னால், சுமார் 65,000 மெகா எலக்ட்ரான்வோல்ட். அதன் முதல் ஐசோமர் 0.1 மெகா எலக்ட்ரான்வோல்ட்தான் மேலே. அதாவது ஆறரை லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம். ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்னில் உள்ள ஐசோல்ட்ராப் பொறி இதைப் பிரித்துக் காட்டியது. 2004இல் முடிவு வெளியானது. அடிநிலையோடு சேர்த்து மூன்று நிலைகள். எந்த நிறை எந்த நிலைக்கு உரியது என்று பொறிக்குத் தெரியாது. லேசரின் அலைநீளத்தை நிலைக்கேற்ப மாற்றி அயனியாக்கித்தான் அதைத் தீர்த்தார்கள். நிறை மட்டும் பாதிக் கதைதான்.

மூன்றாவது வழி, அயனிகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, சுற்றும் அதிர்வெண்ணிலிருந்து நிறையை அறியும் சேமிப்பு வளையம். அதன் பலம் சிக்கனம். ஜெர்மனியின் கன அயனி ஆய்வகமான ஜிஎஸ்ஐயில் உள்ள 108 மீட்டர் சுற்றளவு வளையத்தில் ஒரே ஒரு அயனி சுற்றினாலும் அதன் மின்சமிக்ஞையைக் கேட்கலாம். ஹாஃப்னியம்-184 போன்றவற்றின் நீண்ட ஆயுள் ஐசோமர்கள் அங்கேதான் சிக்கின. அப்புறம், எலக்ட்ரான்கள் முழுதும் உரிக்கப்பட்ட அயனியில், ஆற்றலை எலக்ட்ரானுக்குக் கொடுத்து இறங்கும் வழி அடைபட்டுவிடுகிறது, ஆயுள் நீள்கிறது. சாதாரண அணுவின் ஆயுளாக மாற்றக் கணக்குப் போட வேண்டும் என்பார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. சிதைவின் வழிகளைத் தனித்தனியே பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

தோரியம்-229எம்மிடம் இந்த மூன்றுமே திணறும். அது வெறும் 8.4 எலக்ட்ரான்வோல்ட் உயரத்தில், நிறையில் சுமார் 2,500 கோடியில் ஒரு பங்கு. 2024இல் கால்சியம் ஃபுளோரைடு படிகத்தில் தோரியத்தைப் பதித்து, 148 நானோமீட்டர் லேசரால் அந்த நிலையை எழுப்பினார்கள்.