எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்: எங்களுக்கு நேர்ந்தது

திருச்சியில் உள்ள ஒரு தனியார் மையத்தை நம்பி, என் கணவரின் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காக நாங்கள் கட்டிய 50,000 ரூபாய் முன்பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை. பணத்தைவிட எனக்கு ஆறாத வருத்தம், அவரைச் சம்மதிக்க வைப்பதற்கு அவர்கள் என்னையே பயன்படுத்திக்கொண்டதுதான். இந்தச் சிகிச்சையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ துணையாக நிற்பவர்கள் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு வயது 43, உயரம் 172 செ.மீ., எடை 118 கிலோ. நடைப்பயிற்சி, சிறுதானியம், பேலியோ என்று எல்லாவற்றையும் முயன்று, குறைந்த 10 கிலோ 12 கிலோவாகத் திரும்பி வந்ததில் மனம் விட்டுப்போனவர். என் மாமனார் 54 வயதில் மாரடைப்பில் காலமானார். இரவில் இவருடைய குறட்டை சட்டென்று நின்று, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும் அந்தச் சில நொடிகளில் பயந்துபோய் இவர் தோளைப் பிடித்து உலுக்கிய இரவுகளுக்குக் கணக்கே இல்லை. அதனால், அந்த மையம் நடத்திய இலவச ஆலோசனை முகாமுக்கு அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றவளே நான்தான்.

முகாமில் நிரப்பச் சொன்ன படிவத்தில் குடும்ப நோய் விவரம் கேட்டிருந்தார்கள். மாமனாரைப் பற்றி எழுதினேன். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த ஆலோசகர் என் கைப்பேசிக்கு மட்டும் ஐந்து முறை அழைத்தார். "அப்பாவுக்கு ஆனது சாருக்கும் ஆகணுமா மேடம்? நீங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க" என்றார். நான் எழுதிக் கொடுத்த வரியையே எடுத்து என்னிடம் பேசுகிறார் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாத இறுதிக்குள் பதிவு செய்தால் 60,000 ரூபாய் தள்ளுபடி என்றும், மீதிச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்றும் உறுதி சொன்னார். சீட்டுப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டினோம்.

அவர்கள் பரிந்துரைத்தது ஸ்லீவ் அறுவை சிகிச்சை. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி அகற்றிவிடுவது அது. அகற்றியதை மீண்டும் சேர்க்க வழியே கிடையாது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது கூடக்கூடும் என்பது இந்தத் துறையினர் நன்கு அறிந்த செய்தி. என் கணவர் ஆண்டுக்கணக்காக நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போடுகிறவர். அதைச் சொன்ன பிறகும் அவருக்கு எண்டோஸ்கோப்பி பார்க்கவில்லை, தூக்கப் பரிசோதனையும் செய்யவில்லை. ஆபத்து உண்டா என்று கேட்டதற்கு, பல் பிடுங்குவது போலத்தான் என்று பதில் வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இதே போன்ற சிகிச்சைக்குப் போன இடத்தில் உயிரிழந்த செய்தியை நாங்கள் படித்திருந்தோம். படித்திருந்தும் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டோம் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

பிறகு காப்பீட்டு நிறுவனம் முன் அனுமதியை மறுத்தது. விண்ணப்பத்தில் உள்ள உயரமும், சென்ற ஆண்டு அலுவலகத்தில் எடுத்த உடல் பரிசோதனை அறிக்கையில் உள்ள உயரமும் பொருந்தவில்லை என்பது காரணம். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டபோது நாளை, மறுநாள் என்று இழுத்தடித்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்ற மருத்துவ நெறிமுறை விதியைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேட்ட பிறகே நகல் கிடைத்தது. அதில், 172 என்று எழுதியிருந்த இடத்தில் கடைசி 2-ஐச் சுழித்து 0 ஆக்கியிருந்தார்கள். பேனாவின் மை இரண்டு நிறமாக இருந்தது நகலில்கூடத் தெரிந்தது. 172 செ.மீ. உயரத்துக்கு 118 கிலோ என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண், 39.9 வருகிறது, 170 என்றால் 40.8. இந்தியக் காப்பீட்டு விதிப்படி இந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்க 40 என்பது ஒரு வரம்பு. அந்த வரம்பைத் தாண்ட வைப்பதற்காக என் கணவரின் உயரத்தில் 2 செ.மீ. திருடியிருக்கிறார்கள்.

இதில் என்னால் தாங்க முடியாதது, அந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை என்பதுதான். வேறொரு அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனோம். அங்கே செவிலியர் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்தார். மருத்துவர் முக்கால் மணி நேரம் பேசினார். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருப்பது தெரிந்தது. அதனால் செய்வதானால் ஸ்லீவ் வேண்டாம், இரைப்பை பைபாஸைப் பற்றி, அதாவது உணவை இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்துக் குடலுக்கு அனுப்பும் அறுவை சிகிச்சையைப் பற்றி, யோசிக்கலாம் என்றார். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 41 முறை மூச்சு நிற்பதோ குறைவதோ பதிவானது. 30-ஐத் தாண்டினாலே அது தீவிர நிலை. பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்து, மற்ற முயற்சிகள் பலிக்காமல், தீவிர உறக்க மூச்சடைப்பும் இருந்தால் அதே காப்பீட்டு விதி அறுவை சிகிச்சைக்கு இடம் தருகிறது. ஓர் இரவுப் பரிசோதனையைச் செய்திருந்தால் போதும். இப்போது அந்தத் திருத்தப்பட்ட எண் எங்கள் பெயரில் பதிவாகிவிட்டதால், இரண்டாவது விண்ணப்பத்துக்கு விளக்கத்துக்கு மேல் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நான் இந்தச் சிகிச்சைக்கு எதிரானவள் அல்ல. ஆனால் வைட்டமின் பி12, இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும், ரத்தப் பரிசோதனைகளைத் தொடர வேண்டும் என்பதை இரண்டாவது மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால் காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் வரலாம், அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் கவனித்துக்கொள்ளப் போகிறவளிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அது. மையத்தில் என்னிடம் பேசப்பட்டதெல்லாம் தள்ளுபடியும் தவணையும்தான். முன்பணம் கட்டுவதற்கு முன் எண்டோஸ்கோப்பி, தூக்கப் பரிசோதனை முடிவுகளைக் கேளுங்கள். படிவத்தில் எழுதிய உயரத்தையும் எடையையும் நீங்களே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை நடக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சிகிச்சைக்காகக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. புகாரை 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அறுவை சிகிச்சை பற்றி என் கணவர் இன்னும் முடிவெடுக்கவில்லை, நானும் கேட்பதில்லை. இரவில், மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியின் முகமூடியை அணிந்து தூங்குகிறார். மூச்சு நிற்காமல் சீராக வருகிறது.